டூப்ளிகேட் கிரிப்பும் 12 கடிகார செல்லும்

ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை, கொஞ்சம் நேரம் கிடைத்தது. நீளமான பதிவுதான். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள், மற்றவர்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவரின் மகன் வீட்டுக்கு வந்தான். அவனுடைய அப்பா எங்கள் கெடார் பக்கம் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர் என்று பல வருஷம் படம் எடுத்தவர். இப்போது பையன் கையில் தொழில். செகண்ட் ஹேண்டில் ஒரு கேனான் 80டி வாங்கியிருக்கிறான்.

"சார், இதுக்கு பேட்டரி கிரிப் வாங்கணும். கம்பெனி கிரிப் விலை கட்டுப்படி ஆவல. டூப்ளிகேட் வாங்கலாமான்னு அப்பாவக் கேட்டேன். அவரு சிரிச்சிட்டு, 'சாரக் கேளு, அவருக்குத்தான் தெரியும்'னு அனுப்பிட்டாரு."

அவர் ஏன் சிரித்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. நான் இடைநிலை ஆசிரியராக 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். எந்தக் கேள்வியைக் கேட்டாலும் ஆதியிலிருந்து ஆரம்பிப்பது என் பழக்கம். வாங்கலாமா கூடாதா என்று ஒரே வார்த்தையில் கேட்ட பையனை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேட்டரி கிரிப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: கேமராவின் அடியில் பேட்டரிக் கதவைக் கழற்றிவிட்டு, அந்தப் பொந்துக்குள் நுழைகிற மாதிரி ஒரு தண்டு உள்ள பெட்டி. ஸ்டாண்டில் மாட்டுகிற திருகு ஓட்டை இருக்கிறதல்லவா, அதில் திருகி இறுக்கிக்கொள்ளலாம். உள்ளே ஒரு பேட்டரிக்குப் பதில் 2 பேட்டரி. கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் விரல் படுகிற இடத்தில் இன்னொரு ஷட்டர் பட்டன். பல கிரிப்களில் ஒரு தட்டும் சேர்த்துத் தருவார்கள். அதில் சாதாரண சின்ன செல் 6 போடலாம். இந்தத் தட்டை மறந்துவிடாதீர்கள், கதைக்கு வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டு விசேஷத்துக்கு விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்த போட்டோக்காரரிடம் யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா இருந்தது. வயிற்றுக்கு நேரே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பார். ஒரு ரோலில் 12 படம். 13-வது ஆளுக்கு இடம் கிடையாது. கறுப்பு வெள்ளை ரோலை அப்போது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையே 'இந்து' என்ற பெயரில் தயாரித்தது. அந்தக் கேமராவின் ஷட்டருக்கு பேட்டரியே வேண்டாம். படமும் சதுரம். சதுரத்துக்கு நெடுக்கு ஏது, கிடை ஏது? கேமராவைச் சாய்க்கவே வேண்டியதில்லை. அதாவது பேட்டரி கிரிப் தீர்க்கிற இரண்டு பிரச்சினையும் அந்தக் கேமராவில் இல்லை.

பிரச்சினை 35 மி.மீ. பிலிமோடு வந்தது. செவ்வகப் படம். மணமக்கள் இருவரும் நிற்கிற படத்துக்குக் கேமராவைத் திருப்பியே ஆக வேண்டும். வலது முழங்கை மேலே தூக்கிக்கொள்ளும். ஒரு படம் என்றால் பரவாயில்லை. மேடையில் 300 பேர் மொய் எழுதிவிட்டு வரிசையாக வந்து நிற்கும்போது 3 மணி நேரம் அப்படியே பிடித்துப் பாருங்கள். எந்தக் கல்யாணப் போட்டோக்காரரிடமும் கேளுங்கள், தோளைத்தான் முதலில் தொட்டுக் காட்டுவார்.

கேமராவுக்கு அடியில் பெட்டி மாட்டுகிற யோசனை கல்யாணத்துக்காக வந்ததல்ல, வேகத்துக்காக வந்தது. 1934-ல் ஜெர்மனியில் ரோபோ என்ற கேமரா வந்தது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல ஸ்பிரிங்கை முறுக்கி விட்டால் பிலிம் தானே நகரும். பேட்டரி கிடையாது. மின்சார மோட்டார் பெரிய அளவில் வந்தது 1959-ல், நிக்கான் எஃப் கேமராவோடு. எஃப்-36 என்று பெயர். கேமராவின் அடித்தட்டையே கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். பேட்டரி தனிப் பெட்டியில், வயர் போட்டு இழுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு சங்கடம், கடையில் வாங்கி நாமே மாட்டிக்கொள்ள முடியாது. அந்தந்தக் கேமராவுக்கு ஏற்றபடி பணிமனையில் சரிபார்த்துப் பொருத்தித் தர வேண்டும். அப்படி இருக்கும்வரை வேறு கம்பெனி உள்ளே வர வழியில்லை.

1976-ல் கேனான் ஏஇ-1 வந்தபோது நிலைமை மாறியது. அதன் பவர் வைண்டரை யாரும் வீட்டிலேயே மாட்டலாம். 4 சின்ன செல். 1980-ல் நிக்கான் எஃப்-3, அதன் மோட்டாருக்கு 8 சின்ன செல். இந்த மோட்டாரை மாட்டினால் கேமராவுக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதுவே கொடுத்துவிடும். இன்றைய பேட்டரி கிரிப்பின் தாத்தா அதுதான் என்பது என் கணக்கு. 1996-ல் நிக்கான் எஃப்-5 வந்தபோது பெட்டி கேமராவோடு ஒட்டியே பிறந்துவிட்டது.

இதெல்லாம் பத்திரிகைக்காரர்களின் கேமரா. நம் ஊர் ஸ்டூடியோக்களில் இருந்தது பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்10 மாதிரி கையால் சுற்றுகிற கேமராக்கள். பேட்டரி ஒளிமானிக்கு மட்டும். செத்துப்போனாலும் கண்ணால் கணித்து எடுத்துவிடுவார்கள். கரன்ட் கவலை எல்லாம் பிளாஷுக்கும் வீடியோக்காரர் விளக்குக்கும்தான்.

டிஜிட்டல் வந்ததும் தலைகீழ். 1975-ல் கோடக்கில் ஸ்டீவன் சாசன் என்ற இளைஞர் செய்து பார்த்த முதல் டிஜிட்டல் கேமராவுக்கே 16 நிக்கல் காட்மியம் பேட்டரி தேவைப்பட்டது. 1991-ல் கோடக் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஜிட்டல் கேமராவில், நிக்கான் எஃப்-3 உடம்பு கையில், பேட்டரியும் ஹார்டு டிஸ்க்கும் தோளில் தொங்கும் தனிப் பெட்டியில். படம் பிடிக்க, பார்க்க, பதிய, போகஸ் செய்ய எல்லாவற்றுக்கும் கரன்ட். பேட்டரி தீர்ந்தால் கையில் இருப்பது ஒரு செங்கல்.

2000-ல் கேனான் டி30 வந்தது, கூடவே அதற்கு ஒரு கிரிப்பும். அதே கிரிப் பின்னால் வந்த டி60, 10டி இரண்டுக்கும் பொருந்தியது. அதற்கப்புறம் அந்தத் தாராளம் குறைந்தது. 5டிக்கு ஒன்று, 5டி மார்க் 2-க்கு வேறு, மார்க் 3-க்கு இன்னொன்று. கேமராவை மாற்றினால் கிரிப்பையும் மாற்று. சம்பாதிப்பது தப்பில்லை, அவர்கள் தொழில். ஆனால் வேறு கம்பெனிகள் உள்ளே நுழைந்த வாசல் இதுதான். பொந்தின் அளவு கண்ணுக்குத் தெரிகிறது, திருகு எல்லாக் கேமராவுக்கும் ஒன்று, பேட்டரி கடையில் கிடைக்கிறது. சீனாவில் அச்சு செய்யத் தெரிந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? மெய்க்கே, பிக்சல், நீவர் என்று பெயர்கள் வர ஆரம்பித்தன.

இங்கேதான் பையனை நிறுத்தினேன். "டூப்ளிகேட்னு சொன்னியே, எதோட டூப்ளிகேட்?"

நம் கடைவீதியில் இரண்டே சாதி: ஒரிஜினல், டூப்ளிகேட். உண்மையில் மூன்று உண்டு. கேனான் செய்து கேனான் பெயர் போட்டது ஒன்று. வேறொருவர் செய்து தன் பெயரையே போட்டு, இது இன்ன கேமராவுக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்பது இரண்டாவது. வேறொருவர் செய்து கேனான் பெயரைத் திருடிப் போட்டு விற்பது மூன்றாவது. அதுதான் போலி, 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி குற்றம். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே பெயரால் கூப்பிடுகிறோம். நம் ஊர் விவசாயி இந்தத் தப்பைச் செய்ய மாட்டார். ஆயில் இன்ஜினுக்கு ராஜ்கோட்டில் செய்த பிஸ்டன் ரிங்கை வாங்கிப் போடுகிறவர், அதை டூப்ளிகேட் என்றா சொல்கிறார்? லோக்கல் பார்ட் என்பார். ஓடுமா, எத்தனை வருஷம் ஓடும் என்று மட்டும் கேட்பார். அது சரியான கேள்வி.

அதைவிட வேடிக்கை, சில கேமராக்களுக்கு ஒரிஜினல் என்று ஒன்று கிடையவே கிடையாது. 2004-ல் வந்த நிக்கான் டி70 எவ்வளவு விற்றது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். அதற்கு நிக்கான் கிரிப் செய்யவில்லை. டி40-க்குச் செய்யவில்லை, டி3100-க்குச் செய்யவில்லை, டி5100-க்குச் செய்யவில்லை. கிரிப்போடு பேசுவதற்கான இணைப்புத் தகடே கேமராவின் அடியில் வைக்கவில்லை. கிரிப் வேண்டுமா, மேல் ரகக் கேமரா வாங்கு என்று அர்த்தம். வெளிக் கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டி40-ல் டி.வி. ரிமோட் மாதிரி ஒரு ரிமோட்டுக்குக் கண் இருந்தது. கிரிப்பிலிருந்து அந்தக் கண்ணுக்கு ஒளியை அனுப்பி ஷட்டரை அடிக்க வைத்தார்கள். டி3100-ல் அந்தக் கண் இல்லை, பக்கவாட்டில் ரிமோட் வயருக்கு ஒரு துளை இருந்தது. கிரிப்பிலிருந்து ஒரு குட்டி வயரை இழுத்து அந்தத் துளையில் சொருகினார்கள். பார்க்க நன்றாக இருக்காது, நாய்க்குட்டிக்குச் சங்கிலி போட்ட மாதிரி இருக்கும். ஆனால் வேலை செய்யும். இதை யார் எதைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள் என்று சொல்வீர்கள்?

2018-ல் நிக்கான் இசட்6, இசட்7 வந்தபோதும் இதே கதை. அதற்கு நிக்கானே விற்ற எம்பி-என்10 பெட்டியில் 2 பேட்டரி உண்டு, நெட்டுக்குத்தாக எடுக்க ஷட்டர் பட்டன் கிடையாது! வெளி ஆட்கள் பட்டன் வைத்து விற்றார்கள். 2020-ல் அடுத்த கேமராக்கள் வந்தபோதுதான் நிக்கான் தன் கிரிப்பில் பட்டன் வைத்தது.

நம் பக்கம் இவை வந்து சேர்ந்த வழி தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தபின் திரும்பி வந்த தமிழர்களுக்காகச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் 1969-ல் பர்மா பஜார் அமைந்தது. இறக்குமதிக் கெடுபிடி இருந்த காலம் வரை வெளிநாட்டுக் கேமராச் சாமான் என்றாலே பலருக்கும் அதுதான் முகவரி. பிறகு ரிச்சி தெரு. விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் போய் மாலையில் திரும்பலாம். என் மாணவரும் தன் 550டி-க்கு கிரிப் வாங்கியது அப்படிச் சென்னைக்குப் போய்த்தான். பில் கிடையாது, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். கம்பெனி விலையில் நாலில் ஒரு பங்கு என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

இப்போது அவர் சிரித்த கதைக்கு வருகிறேன்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் போனதை மறக்க முடியாது. எங்களுக்கு அந்த அடி இல்லை. ஆனால் கரன்ட் ஒழுங்காக வரவில்லை. அது போதாதென்று அப்போது மாநிலம் முழுக்க மின்வெட்டு. சென்னைக்கு ஒரு கணக்கு, எங்களைப் போன்ற ஊர்களுக்கு ஒரு கணக்கு. நாளைக்கு 8 மணி நேரம் போய்விடும், அந்த வருஷம் போகப் போக இன்னும் மோசமானது. இந்தச் சமயத்தில்தான், தை மாதக் கடைசியில், என் மகளுக்குக் கல்யாணம்.

முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன் 11 மணி வரை நடந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் மிச்சம் பிடிக்க 12 மணிக்கு நிறுத்தச் சொன்னது நான்தான். போட்டோக்காரரிடம் 2 பேட்டரி, 1 சார்ஜர். ஒரு பேட்டரி நிரம்ப 2 மணி நேரம் ஆகும். கரன்ட் 2 மணிக்கு வந்து 3 மணிக்குப் போய்விட்டது. மனிதர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் வீட்டுக் கல்யாணம், பயம்.

முகூர்த்தம் நாலரையிலிருந்து ஆறு. காசி யாத்திரை, மாலை மாற்று எல்லாம் எடுத்தார். கூறைப் புடவை உடுத்திக்கொண்டு மகள் மணவறைக்கு வருகிறாள், கேமரா திரையில் சிவப்பு. இரண்டு பேட்டரியும் ஒன்றாகத் தீர்ந்துவிட்டன. அவர் முகத்தைப் பார்த்து என் தம்பிதான் கண்டுபிடித்துக் கேட்டான். "செல் இருந்தா போதும் அண்ணே, கடியாரத்துக்குப் போடற சின்ன செல்லு, ஆறு." தம்பி ஓடிப்போய்ப் பெட்டிக்கடைக்காரரை எழுப்பி, கடையில் இருந்த 12 செல்லையும் அள்ளிக்கொண்டு வந்தான்.

சாதா செல் கேமராவுக்கு ஆகாது. பேட்டரிக்கு வேண்டியது 7.2 வோல்ட், 6 செல் சேர்ந்தால் 9 வோல்ட், கணக்கில் தாராளம். ஆனால் ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் இழுத்தால் சாதா செல் மூச்சுத் திணறிவிடும். அவர் திரையை அணைத்தார், தேவையில்லாததை எல்லாம் நிறுத்தினார். ஒரு படம் எடுப்பார், ஆஃப் செய்வார், எண்ணிக் காத்திருப்பார், ஆன் செய்வார். முதல் 6 செல்லில் 30 படம் சொச்சம். அதில் தாலி கட்டியது வந்துவிட்டது. அடுத்த 6 செல்லில் என் அம்மா அட்சதை போடுகிற படம். கண் சரியாகத் தெரியாமல் மாப்பிள்ளைமேல் போடாமல் புரோகிதர்மேல் போட்டுவிட்டுச் சிரிக்கிறார். அம்மா சிரிக்கிற படம் எங்களிடம் அது ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த ஆவணியில் காலமானார்.

இது ஒரு பாதி. அடுத்த பாதியையும் எழுதாவிட்டால் நான் வாத்தியார் இல்லை.

மறு வருஷம் அதே கிரிப் அவரைக் கவிழ்த்துவிட்டது. திருகு தேய்ந்து கொஞ்சம் ஆட்டம் கொடுத்திருக்கிறது. கேமராவைத் திருப்பினால் போதும், இணைப்பு விட்டு ஆஃப் ஆகிவிடும். பையில் வைத்திருந்தபோதே பேட்டரியை உறிஞ்சியும் இருக்கிறது. ஒரு வளைகாப்புக்குப் போன இடத்தில் இதைப் பார்த்து, கிரிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கேமராவில் பேட்டரி போட்டு எடுக்கலாம் என்று முடிவு செய்தார். நல்ல முடிவுதான். ஆனால் பேட்டரிக் கதவு வீட்டில்! கதவு மூடாவிட்டால் அந்தக் கேமரா உயிர் பெறாது, உள்ளே அதற்கு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. நல்ல கிரிப்பில் கழற்றிய கதவைச் செருகி வைக்கவே ஒரு பள்ளம் வைத்திருப்பார்கள். அவர் வாங்கியதில் அது இல்லை. கம்பெனி விலையில் நாலில் ஒரு பங்கு என்றேனே, குறைந்தது இந்த மாதிரி இடங்களில்தான். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். பணம் பெரிதில்லை, அந்தப் பெண்ணின் வளைகாப்புப் படம் அவளிடம் இல்லை. அந்த வீட்டார் இன்றுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இரண்டும் ஒரே கிரிப் செய்தது. அதனால்தான் மகன் கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் சொன்ன பதில் இது. கிரிப்பைத் தன் பெயர் போட்டு விற்கிற வெளிக் கம்பெனியில் பில்லோடு வாங்கு. பெயர் இல்லாததையும் கேனான் பெயர் போட்டு அரை விலைக்குத் தருவதையும் தொடாதே. 80டி-க்கு என்று எழுதியிருந்தால் போதாது, 70டி, 80டி இரண்டுக்கும் கம்பெனியில் ஒரே கிரிப்தான், எனவே அவற்றுக்கு நிறையப் பேர் செய்கிறார்கள், ஒன்று சரியில்லை என்றால் திருப்பி அனுப்பு. ஆனால் பேட்டரியில் மிச்சம் பிடிக்காதே. கிரிப் என்பது பிளாஸ்டிக்கும் நாலு கம்பியும். கெட்டால் கழற்றிவிடலாம். பேட்டரி லித்தியம். மட்டமான பேட்டரி உப்பிக்கொண்டு கிரிப்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்கப் பார்த்தவரை நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். பேட்டரி கம்பெனிதான். வீட்டுக்குப் போகிறபோது கிரிப்பைக் கழற்றி வை. மூன்றாவது பேட்டரி சட்டைப் பையில் இருக்கட்டும்.

"இப்ப வர்ற கேமரால பவர் பேங்க்கே சொருவலாம் சார், கிரிப்பே வேணாம்னு சொல்றாங்க" என்றான். உண்மைதான், புதிய கண்ணாடியில்லாக் கேமராக்கள் பலவற்றில் யு.எஸ்.பி. வழியாகவே சார்ஜ் ஏறுகிறது. அவனுடைய 80டி-யில் அது கிடையாது. தோள் வலிக்கும் பவர் பேங்க்கில் மருந்தில்லை. அவன் அப்பா இப்போது வலது கையைத் தலைக்கு மேல் தூக்கமாட்டார்.

அங்கேயே உட்கார்ந்து போனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். ஆர்டர் போடுவதற்கு முன் அப்பாவுக்குப் போன் செய்து படத்தை அனுப்பினான். அவர் விலையைக் கேட்கவில்லை, பிராண்டைக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது: "கதவு வெக்க எடம் இருக்குதான்னு பார்றா மொதல்ல."

இருந்தது. பார்சல் வியாழக்கிழமை வருகிறதாம். நான் 6 கடிகார செல் வாங்கி வைத்திருக்கிறேன்.